உச்சியில் ஒரு சிட்டிகைக் குங்குமம்

அன்புள்ள ஐயா,

நேபாளம் பற்றிய உங்கள் கட்டுரையில், 2005-இல் எவரெஸ்ட் உச்சியில் கல்யாணம் செய்துகொண்ட ஜோடியை ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். மலையேறுகிறவர்களுக்குள் சாதி மதம் கிடையாது, ஒரே கயிற்றில் கட்டிக்கொண்டால் எல்லாரும் ஒன்றுதான் என்கிறான் என் நண்பன். எனக்கோ அது வெறும் விளம்பரமாகப் படுகிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

ஒரு வரியில் தாண்டியது தப்புதான். ஆனால் உங்கள் நண்பரோடும் எனக்கு ஒத்துப்போகவில்லை, உங்களோடும் இல்லை.

2005 மே 30. பெம் டோர்ஜி ஷெர்பாவும் மோனி முலேபதியும் உச்சியை அடைந்தார்கள். ஆக்சிஜன் முகமூடியைச் சற்றுக் கழற்றினார்கள். கொண்டுபோயிருந்த பிளாஸ்டிக் மாலைகளை அணிந்துகொண்டார்கள். மாப்பிள்ளை பெண்ணின் நெற்றியில் சிவப்புப் பொடி வைத்தார். கல்யாணம் முடிந்தது. ஏறும்வரை திட்டத்தை ரகசியமாகவே வைத்திருந்தார்கள். விளம்பரம்தான் நோக்கம் என்றால் அடிவாரத்திலேயே தண்டோரா போட்டிருக்கலாமே.

அப்புறம் கயிறு. மலையில் எல்லாரும் சமம் என்பது கீழே உட்கார்ந்து பேச நன்றாக இருக்கும். அங்கே பெரும்பாலும் ஒருவர் சம்பளத்துக்குச் சுமப்பார், ஒருவர் பணம் கட்டி ஏறுவார். 'ஷெர்பா' ஓர் இனத்தின் பெயர். அது சுமை தூக்குகிறவர் என்ற அர்த்தத்துக்கு வந்துவிட்டது என்றால் பாருங்கள். மலை மதமில்லாத இடமும் அல்ல. அடிவார முகாமில் லாமா பூஜை செய்யாமல் ஷெர்பாக்கள் ஏறத் துணிய மாட்டார்கள். எவரெஸ்டை அவர்கள் சோமோலுங்மா என்பார்கள். அதில் மியோலாங்சங்மா என்ற தேவி குடியிருக்கிறாள்.

இந்த இருவருக்கும் நடுவே இருந்தது என்ன என்று பார்த்தால்தான் விஷயம் புரியும். ஷெர்பாக்கள் திபெத்திய பௌத்தர்கள். மோனி நேவார் இனம். காத்மண்டு பள்ளத்தாக்கின் பழைய குடிகள். அவர்களுக்குள் இந்துக்களும் உண்டு, பௌத்தர்களும் உண்டு, தனியாக ஒரு முழுச் சாதி அடுக்கும் உண்டு. 1854-இல் நேபாளப் பிரதமர் ஜங் பகதூர் ராணா கொண்டுவந்த முலுகி ஐன் என்ற சட்டம் நாட்டு மக்கள் எல்லாரையும் சாதி வரிசையில் நிறுத்தியது. பூணூல் போட்ட நேவார்கள் மேல்தட்டில். திபெத்திய வழிவந்தவர்களை 'போட்டே' என்று ஒரே பெயரில் அடக்கி, 'மது குடிப்பவர்கள், அடிமையாக்கத் தக்கவர்கள்' என்ற வகையில் கீழே வைத்தது. 1963-இல் வந்த புதிய சட்டம் அந்த வரிசையை எடுத்தது. பெண் கேட்டுப் போகிற வீட்டுத் திண்ணையில் அது அவ்வளவு சீக்கிரம் போய்விடுமா? நமக்குத் தெரியாததா!

சடங்கிலும் தூரம்தான். ஷெர்பா வழக்கத்தில் மாப்பிள்ளை வீட்டார் சாங் கொண்டுபோவார்கள், வீட்டில் காய்ச்சிய தானியக் கள். பெண் வீட்டார் வாங்கிக் குடித்தால் சம்மதம். அதிலிருந்து கடைசிச் சடங்குக்கு வர வருடங்கள்கூட ஆகும். நேவார் வழக்கத்தில் பெண் பூப்படையும் முன்பே அவளுக்கு ஒரு கல்யாணம் நடக்கும், வில்வப் பழத்தோடு! 'இஹி' என்று பெயர். அதனால் பிற்பாடு மனிதக் கணவன் இறந்தாலும் அவள் விதவை ஆவதில்லை. எனக்கு மிகவும் பிடித்த வழக்கம் இது.

இப்போது உச்சியை மறுபடி பாருங்கள். சாதி மதத்தை உதறிவிட்டு ஏறியவர்கள் என்றால் கைகுலுக்கி ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு இறங்கியிருக்கலாம். இவர்கள் மாலையும் குங்குமமும் சுமந்துகொண்டு போயிருக்கிறார்கள், ஒவ்வொரு கிராமையும் யோசித்து எடுத்துவைக்கிற மூட்டையில். சடங்கு அவர்களுக்கு வேண்டியிருந்தது. அதை முன்நின்று நடத்தவோ தடுக்கவோ ஆள் இல்லாத இடம் தேவைப்பட்டது. 8848 மீட்டரில், கடல் மட்டத்தில் கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்கு ஆக்சிஜனோடு, எந்தப் பெரியப்பா வந்து பந்தலில் சண்டை போடுவார்?

அந்த பிளாஸ்டிக் மாலையை மட்டும் கேலி செய்துவிடாதீர்கள். சாமந்தியாக இருந்திருந்தால் அந்தக் குளிரில் கழுத்தில் போடும்போதே உதிர்ந்திருக்கும்.