தேமல், படர்தாமரை, சேற்றுப்புண்: உலோக மருந்துகள் உதவுமா?

கே: முதுகு முழுக்கத் தேமல். பொடுகு ஷாம்பூவையே உடம்புக்கும் தேய்க்கச் சொல்கிறார் மெடிக்கல்காரர். தேய்க்கலாமா?

தேய்க்கலாம். தேமல், பொடுகு இரண்டிலும் இருப்பது மலாசீசியா என்ற ஈஸ்ட்தான். ஷாம்பூவில் உள்ள ஜிங்க் பைரிதியோன், துத்தநாகச் சேர்மம் என்றாலும், பூஞ்சையின் செல்லுக்குள் செம்பை அளவுக்கு மீறிச் சேரவைத்துத்தான் அதை முடக்குகிறது. தேமலுக்கு நான் அதிகம் எழுதிக்கொடுப்பது 2.5% செலினியம் சல்ஃபைடு. (செலினியம் முழு உலோகம் இல்லை; சரி, இந்த வரிசையில் அதுவும் இருக்கட்டும்.) கழுத்திலிருந்து இடுப்பு வரை பூசி, 10 நிமிடம் ஊறவிட்டுக் கழுவுங்கள். தொடர்ந்து 7 நாள். வெள்ளி அரைஞாண் கட்டியிருந்தால் கழற்றி வையுங்கள், கறுத்துவிடும். பூசிய கையோடு கழுவினால் பலன் இருக்காது. வெளுத்த திட்டு மறையச் சில மாதங்கள் ஆகும். நகத்தால் சுரண்டும்போது மாவாக உதிரவில்லை என்றால் பெரும்பாலும் பூஞ்சை போய்விட்டது, நிறம் திரும்புவதுதான் பாக்கி.

கே: தொடை இடுக்கில் படர்தாமரை, ஒரு வருடமாகப் போய்ப் போய் வருகிறது. நானோ வெள்ளி ஜெல் வாங்கலாமா?

ஆய்வகத் தட்டில் வெள்ளி அயனிகள் பூஞ்சையைக் கொல்வது உண்மை. தோலில் கதை வேறு. வியர்வையின் குளோரைடும் தோலின் புரதமும் வெள்ளியைப் பிடித்துவைத்துக்கொள்ளும். பூஞ்சையோ முடிக்கால் வரை இறங்கியிருக்கும். அதை விடுங்கள், இதுவரை பூசிய டியூபை எடுத்துப் படியுங்கள். குளோபெட்டாசோல், பீட்டாமெத்தசோன் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு. அரிப்பு அடங்கும், பூஞ்சை செழிக்கும். இன்று இந்தியாவில் பரவலாக இருக்கும் டிரைக்கோபைட்டான் இண்டோடீனியே என்ற பூஞ்சை பலருக்கு டெர்பினஃபின் என்ற பூஞ்சை மருந்துக்கும் மசிவதில்லை. தோல் மருத்துவரைப் பாருங்கள். இட்ரகோனசோல் மாத்திரை தேவைப்படலாம். வீட்டில் வேறு யாருக்காவது அரிப்பு இருந்தால் அவர்களையும் கூட்டிப் போங்கள்.

கே: சேற்றுப்புண்ணுக்கு மயில்துத்தம் (காப்பர் சல்ஃபேட்) கரைத்துப் பூசலாமா?

வேண்டாம். திராட்சைக்கு அடிக்கும் போர்டோ என்ற பூஞ்சைக்கொல்லிக் கலவையிலும் இதே துத்தம்தான். இலை கருகக்கூடாது என்றுதான் அதில் சுண்ணாம்பு சேர்க்கிறார்கள். இலைக்கே அந்தப் பாடு என்றால் வெடித்த விரலிடுக்கு என்ன ஆகும்? ஈரம் துடைத்து, குளோட்ரிமசோல் கிரீம் பூசுங்கள்.

கே: செம்பு இழை சாக்ஸ்?

துணைக்குச் சரி, மருந்துக்கு மாற்று இல்லை. 2010-இல் சிலி நாட்டுச் சுரங்கத்தில் சிக்கிய 33 பேருக்கும் பாதப் பூஞ்சைக்கு எதிராகச் செம்பு ஆக்சைடு சாக்ஸ் அனுப்பினார்கள்.

கே: பெர்மாங்கனேட் தண்ணீர்?

நீர் வடியும் புண்ணுக்கு மட்டும். 10 லிட்டருக்கு 1 கிராம், வெளிர் ரோஸ் நிறம் வந்தால் போதும். படிகம் முழுக்கக் கரைந்திருக்க வேண்டும். அப்புறம் நகம் பழுப்பானால் பயப்படாதீர்கள், அது வெறும் கறை.