சூப்பர்சார்ஜர் பூட்டிய பழைய செவ்ரோலெட்டுக்கு எந்த கேம் ஷாஃப்ட்?

கேள்வி: தாத்தா வாங்கிய 1956-ஆம் ஆண்டு செவ்ரோலெட் காரின் 265 கன அங்குல வி8 எஞ்சினை முழுவதுமாகப் பிரித்துக் கட்டுகிறோம். கம்ப்ரஷன் 8-க்கு 1. அதன் மேல் சதுர அங்குலத்துக்கு 6 பவுண்டு அழுத்தம் தரும் ரூட்ஸ் வகை சூப்பர்சார்ஜரை (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் கருவி) பூட்ட இருக்கிறோம். ஊருக்குள்ளும், ஞாயிற்றுக்கிழமைகளில் ஏற்காடு வரையிலும் ஓட்டுவதே நோக்கம். வால்வுகளைத் திறந்து மூடும் கேம் பெரியதாக, அதாவது வால்வை அதிக நேரம் திறந்துவைப்பதாக, இருந்தால்தான் சூப்பர்சார்ஜருக்குப் பயன் உண்டு என்கிறார் மெக்கானிக். கேமின் மேல் அமர்ந்து புஷ் ராடைத் தள்ளும் பழைய டேப்பெட்டுகள் பார்வைக்கு நன்றாகவே இருப்பதால் அவற்றையே மீண்டும் போடலாமா?
– வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: மெக்கானிக் சொல்வது சூப்பர்சார்ஜர் இல்லாத பந்தய எஞ்சினுக்குப் பொருந்தும், உங்கள் எஞ்சினுக்குப் பொருந்தாது. காற்றைத் தானே உறிஞ்சும் எஞ்சினில், இன்லெட் வால்வும் எக்ஸாஸ்ட் வால்வும் சேர்ந்து திறந்திருக்கும் ஓவர்லாப் நேரத்தில், வெளியேறும் புகையின் வேகம் புதிய கலவையை உள்ளே இழுக்கிறது. சூப்பர்சார்ஜர் பூட்டியபின் அந்த இழுப்புக்குத் தேவையில்லை. அழுத்தத்தோடு வரும் கலவை, ஓவர்லாப் அதிகமாக இருந்தால், சிலிண்டரில் தங்காமல் நேராக சைலன்சர் வழியே போய்விடும். பெட்ரோலுக்குக் கொடுத்த காசும் அதோடு போகும். ஆகவே ஓவர்லாப் குறையும்படி, இன்லெட், எக்ஸாஸ்ட் லோப்களுக்கு (வால்வைத் திறக்கும் கேமின் மேடுகளுக்கு) இடையிலான கோணம் 112 முதல் 114 டிகிரி வரை உள்ள கேமைத் தேர்ந்தெடுங்கள். டேப்பெட் 0.050 அங்குலம் எழும் இடத்தில் அளக்கும் டியூரேஷன் (வால்வு திறந்திருக்கும் அளவு), இன்லெட்டுக்கு 204 முதல் 212 டிகிரி வரை இருந்தால் போதும். எக்ஸாஸ்டுக்கு அதைவிட 8 அல்லது 10 டிகிரி கூடுதலாக இருக்கட்டும்; உள்ளே தள்ள சூப்பர்சார்ஜர் இருக்கிறது, எரிந்து பெருகிய புகையை வெளியேற்ற அப்படியொரு துணை இல்லை. அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும் கார், பெரும்பாலும் நிமிடத்துக்கு 3000 சுற்றுகளுக்குள்தான் உழைக்கும். பெரிய கேம் அந்த இடத்தில்தான் திணறும்.

கேமை வாங்குமுன் அதன் பின்கோடி ஜர்னலை (பேரிங்கில் சுழலும் பகுதியை) பாருங்கள். 1955, 1956-ஆம் ஆண்டுகளின் 265 எஞ்சின்களில் டேப்பெட்டுகளுக்கான எண்ணெய் அந்த ஜர்னலில் வெட்டிய பள்ளத்தின் வழியாகவே போகிறது. பிற்கால எஞ்சினுக்கான கேமை அப்படியே மாட்டினால், டேப்பெட்டுகள் எண்ணெயின்றிக் காய்ந்துவிடும்.

இனி டேப்பெட். பழையதைப் புதிய கேமோடு சேர்க்கவே கூடாது. ஓர் இரும்பு ஸ்கேலின் விளிம்பைப் புதிய டேப்பெட்டின் அடிமுகத்தில் நிறுத்தி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், ஸ்கேல் நடுவில் மட்டும் தொட்டு, இரு ஓரங்களிலும் மயிரிழை அளவுக்கு வெளிச்சம் தெரியும். ஓடித் தேய்ந்த டேப்பெட்டில் அது தலைகீழாக நடுவில் தெரியும். அந்த நுண்ணிய உப்பலும், லோப்பில் அரைத்திருக்கும் மிகச் சிறிய சரிவும் சேர்ந்துதான் டேப்பெட்டைச் சுழலச் செய்கின்றன. சுழலாத டேப்பெட் லோப்பையும் தன்னையும் அரைத்துவிடும். இளமையில் சிக்கனம் பார்த்துப் பழைய டேப்பெட்டுகளோடு புதிய கேமை ஓட்டி, சில நாட்களிலேயே சம்ப்பில் (எஞ்சினடி எண்ணெய்த் தொட்டியில்) இரும்புத் தூளை அள்ளியவன் நான் என்பதால் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். உங்கள் தேவைக்கு ஹைட்ராலிக் வகையே வசதி. ஃபீலர் கேஜோடு அடிக்கடி வால்வு இடைவெளி பார்க்க வேண்டியதில்லை. ரோலர் டேப்பெட் நல்லதுதான், ஆனால் இந்த அழுத்தத்துக்கு அந்தச் செலவு அவசியமில்லை.

வால்வு ஸ்பிரிங்கைப் பலர் மறந்துவிடுகிறார்கள். உங்கள் இன்லெட் வால்வின் தலை 1.72 அங்குலம், அதன் முதுகில் 6 பவுண்டு அழுத்தம் விழும்போது ஏறத்தாழ 14 பவுண்டு விசை அதைத் திறக்கப் பார்க்கும். ஸ்பிரிங் அந்த அளவுக்குக் கூடுதல் வலுவோடு இருக்க வேண்டும், அதற்கு மேல் மிகையாகவும் இருக்கக் கூடாது. இந்த ஹெட்டில் ராக்கர்களைத் தாங்கும் ஸ்டட்டுகள் அழுத்திச் செருகப்பட்டவை என்பதால், கடினமான ஸ்பிரிங் அவற்றை மெல்ல மேலே பிடுங்கிவிடும். நல்ல லேத் பட்டறையில் மரை போட்டுத் திருகும் ஸ்டட்டுகளாக மாற்றிக்கொள்வது மேல்.

முதல் முறை ஸ்டார்ட் செய்வதற்குமுன் லோப்களில் மாலிப்டினம் பசை தடவி, இந்த முதல் ஓட்டத்துக்கு மட்டும் பழைய மெல்லிய ஸ்பிரிங்குகளையே மாட்டி, கார்பரேட்டரில் பெட்ரோலும் டைமிங்கும் சரியாக இருப்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். எஞ்சின் பிடித்தவுடன் ஐடிலில் விடாமல், 2000 முதல் 2500 சுற்றுகளுக்குள் ஏற்றி இறக்கி, 20 நிமிடம் ஓட்டுங்கள். குறைந்த சுற்றில் லோப்களுக்கு எண்ணெய் போதிய அளவு தெறிக்காது. ராக்கர் மூடியைத் திறந்துவைத்து, புஷ் ராட்கள் அனைத்தும் சுழல்கின்றனவா என்று பாருங்கள். ஒன்று நின்றிருந்தாலும் உடனே எஞ்சினை அணைத்துவிடுங்கள்.

கேள்வி: ஏற்காட்டில் இருக்கும் என் காரிலும் சூப்பர்சார்ஜர் உண்டு. சேலத்தில் 6 காட்டும் பூஸ்ட் முள் மேலே 5-ஐத் தாண்டுவதில்லை. கேம் தேய்ந்துவிட்டதா?
– வாசகி, ஏற்காடு

பதில்: இல்லை. சுமார் 1500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஆறில் ஐந்து பங்குதான். சூப்பர்சார்ஜர் அதே விகிதத்தில்தான் அழுத்தும், ஆகவே முள் ஒரு பவுண்டு குறைந்து நிற்பது இயல்பு. இதைச் சரிசெய்கிறேன் என்று சூப்பர்சார்ஜரை வேகமாகச் சுழற்றும் சிறிய புல்லியை மாட்டாதீர்கள். சேலத்துக்கு இறங்கியதும் அழுத்தம் மிகையாகி எஞ்சின் நாக் அடிக்கும்.