பேஸ் வெட்டும் முன் முகப்பை முடிவு செய்யுங்கள்

வாசகர் கேள்வி பதில்: மினியேச்சர் போர் விளையாட்டு

சுங்கை சிப்புட்டிலும் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலும் இருந்து இம்முறை வந்த கடிதங்கள் பேஸ், அதாவது உருவங்களை ஒட்டும் அடித்தட்டு பற்றியே பேசுகின்றன. நல்லது. வண்ணம் பிடிக்காவிட்டால் மேலேயே இன்னொரு பூச்சு அடிக்கலாம். தவறான பேஸில் ஒட்டிய படையைப் பிரித்தெடுப்பது பெரிய வேலை.

ஐயா, 1025-இல் இராஜேந்திர சோழன் கடாரத்தின் மீது நடத்திய படையெடுப்பை 15 மி.மீ. உருவங்களில் ஆட நாங்கள் நான்கு பேர் சேர்ந்திருக்கிறோம். டி.பி.ஏ. (பழங்காலப் போர்களை மேசையில் ஆடும் விளையாட்டு) விதிகள்தான். மூவர் பேஸ் 40 மி.மீ. அகலம் என்கிறோம். ஒருவர் 50 மி.மீ.-இல் பாதிப் படையை ஒட்டியே விட்டார். கலந்து ஆடலாமா? கடாரத்துக்கு யானை வைக்கலாமா?
– தோட்ட வாசகர், சுங்கை சிப்புட்

கலந்து ஆட வேண்டாம். டி.பி.ஏ.-வில் 15 மி.மீ. உருவங்களுக்கு முகப்பு அகலம், அதாவது பேஸின் முன் ஓர நீளம், 40 மி.மீ., 25 அல்லது 28 மி.மீ. உருவங்களுக்கு 60 மி.மீ. இந்த ஆட்டத்தில் எலிமெண்டுகள் (உருவங்கள் ஒட்டிய ஒவ்வொரு பேஸும் ஓர் எலிமெண்ட்) முனைக்கு முனை பொருந்தித்தான் மோதும். 40, 50 மி.மீ. வரிசைகள் இரண்டையும் இடது ஓரத்தில் சேர்த்து வைத்துப் பாருங்கள். இரண்டாவது எலிமெண்ட் 10 மி.மீ. விலகும், மூன்றாவது 20 மி.மீ. விலகும். அதாவது பாதி பேஸ். அதற்கு மேல் யார் யாரோடு மோதுகிறார் என்பதே தகராறாகிவிடும். ஆறு எலிமெண்ட் கொண்ட வரிசை ஒரு பக்கம் 240 மி.மீ., மறு பக்கம் 300 மி.மீ. நீண்டு நிற்கும் பக்கத்துக்கு, எதிரியின் ஓரத்தை ஓவர்லாப் செய்யும், அதாவது தாண்டி நின்று பக்கவாட்டில் நெருக்கும் வாய்ப்பு இலவசமாகக் கிடைக்கிறது. ஓவர்லாப் ஆன ஒவ்வொரு பக்கத்துக்கும் அந்த எலிமெண்டின் போர் எண்ணில் (பகடையோடு கூட்டும் எண்) 1 குறையும். பகடையை நம்பி ஆடும் ஆட்டத்தில் இது சின்ன விஷயமல்ல.

நண்பரின் 50 மி.மீ. அளவு அனேகமாக ஃப்ளேம்ஸ் ஆஃப் வார் பழக்கத்தில் வந்திருக்கும். அந்த இரண்டாம் உலகப் போர் ஆட்டத்தில் நடுத்தர பேஸ் 50×32 மி.மீ. உருவங்கள் நடுவில் நெருங்கி நின்றால் இரு புறமும் 5 மி.மீ. வெட்டிவிடலாம். பரவி நின்றால் வெட்டாமல் பெயர்த்து ஒட்டச் சொல்லுங்கள்.

பேஸின் ஆழத்துக்கு, அதாவது முன் ஓரத்திலிருந்து பின் ஓரம் வரையுள்ள அளவுக்கு வருவோம். நெருங்கி நிற்கும் வாள், ஈட்டி வீரர்கள் நால்வருக்கு 15 மி.மீ. தளர்ந்த அணியில் மூவருக்கு 20, இருவர் மட்டும் நிற்கும் சிதறு வீரர்களுக்கும் 20. குதிரைக்கு 30. யானைக்கு 40, ஆக அதன் பேஸ் 40×40 சதுரம். உருவம் பருத்து ஆழத்தில் இடம் போதாவிட்டால் 2, 3 மி.மீ. கூட்டிக்கொள்ளலாம், ஆனால் இரு படைக்கும் ஒரே மாதிரி கூட்டுங்கள். பின்வாங்கும் தூரத்தை பேஸின் ஆழத்தை வைத்துத்தான் அளக்கிறோம். முகப்பில் மட்டும் அரை மி.மீ. கூட விட்டுக்கொடுக்காதீர்கள். படையின் 12 எலிமெண்டையும் ஒன்றாக அடுக்கி, ஓரம் சமமாக இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். துருத்துவதை உப்புத்தாளில் தேய்த்த பிறகே ஒட்ட வேண்டும்.

யானையைத் தாராளமாக வையுங்கள். கடாரத்து அரசன் சங்கிராம விசயோத்துங்கவர்மனை அவன் யானைகளோடு பிடித்ததாக இராஜேந்திரனின் மெய்க்கீர்த்தியே சொல்கிறது. ஒட்டும்போது யானையைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளுங்கள். துதிக்கை முன் ஓரத்தைத் தாண்டினால் எதிர் பேஸ் ஒட்டி நிற்காது. சாய்த்துப் பிடித்த ஈட்டிக்கும் இதே கதிதான்.

அண்ணா, நான் படிவம் நான்கு. வார்ஹாமர் 40,000 என்ற எதிர்காலப் போர் ஆட்டத்தின் ஸ்பேஸ் மரீன் வீரர் உருவங்கள் 10 பழையதாக வாங்கினேன். எல்லாம் 25 மி.மீ. வட்ட பேஸ். நண்பர்களிடம் 32 மி.மீ. மாற்ற வேண்டுமா?
– மாணவர், லிந்தாங்

வீட்டில் ஆட மாற்ற வேண்டியதில்லை தம்பி, நண்பர்கள் ஒப்புக்கொண்டால் போதும். போட்டிக்குப் போவதாக இருந்தால் மாற்றிவிடு. சாதாரண மரீன்கள் 25-இல் இருந்து 32-க்கு மாறிப் பல வருடம் ஆகிறது. பத்துப் பேரை இடைவெளியில்லாமல் நிறுத்தினால் உன் வரிசை 250 மி.மீ., அவர்களுடையது 320. சின்ன பேஸ் சந்தில் நுழையும், கைகலப்பில் ஒரே எதிரியைச் சுற்றி அதிகம் பேர் நிற்க முடியும். அதனால்தான் எதிராளி ஆட்சேபிப்பார்.

பெயர்க்க வேண்டியதே இல்லை. 25 மி.மீ. பேஸைச் சுற்றிப் பொருந்தும் 32 மி.மீ. வளையம் விற்கிறார்கள். மாட்டி, இடுக்கில் புட்டி அடைத்து மணல் ஒட்டினால் தடம் தெரியாது. பெயர்த்தே ஆக வேண்டுமென்றால் என்ன பசை என்று முதலில் பார். சூப்பர் குளூ என்றால் பிளாஸ்டிக் பையில் கட்டி ஃபிரீசரில் இரண்டு மணி நேரம் வை. குளிரில் பசை நொறுங்கும் தன்மைக்கு வரும். பிறகு கணுக்காலைப் பிடிக்காமல் பாதத்தோடு சேர்த்துப் பிடித்துத் திருகு. பிளாஸ்டிக் சிமெண்ட் என்றால் ஃபிரீசரால் பயனில்லை. அது இரண்டு பிளாஸ்டிக்கையும் உருக்கி ஒன்றாக்கிவிடும். மெல்லிய ரம்பத்தால் அறுப்பதுதான் வழி.

2 மி.மீ. எம்.டி.எஃப். (அழுத்திய மரநார்ப் பலகை) பேஸில் வெள்ளைப் பசை தடவி மணல் தூவினேன். மறுநாள் நான்கு மூலையும் மேலே தூக்கிக்கொண்டது. வார்னிஷ் ஸ்ப்ரே அடித்தால் பனி படிந்ததுபோல் வெளுக்கிறது. ஏன்?
– வாசகி, சுங்கை சிப்புட்

இரண்டுக்கும் காரணம் ஈரம், அம்மா. வெள்ளைப் பசையில் உள்ள தண்ணீரை மேற்பக்கம் குடித்து உப்புகிறது. காயும்போது பசைப் படலம் சுருங்கி ஓரங்களை இழுக்கிறது. அடிப்பக்கம் தண்ணீர் படாததால் எதிர் இழுப்பு இல்லை. மூலைகள் எழும்பாமல் என்ன செய்யும்?

அடுத்த முறை 3 மி.மீ. பலகை எடுங்கள். மணலுக்கு முன்பே மேல், கீழ், வெட்டிய ஓரம் எல்லாவற்றிலும் வார்னிஷோ எனாமல் பெயிண்டோ ஒரு பூச்சு அடித்து முழுக்கக் காயவிடுங்கள். வெட்டிய ஓரம்தான் ஈரத்தை அதிகம் உறிஞ்சும், அங்கே இரண்டு பூச்சு வேண்டும். பசையில் தண்ணீர் கலக்காதீர்கள். 40 மி.மீ. பேஸ்களுக்கு 3 மி.மீ. அக்ரிலிக் வெட்டி வாங்கினால் இந்தத் தொல்லையே இல்லை. வழவழப்பை மட்டும் உப்புத்தாளில் சொரசொரப்பாக்க வேண்டும். ஏற்கெனவே வளைந்தவற்றின் அடியில் ஈரத்துணியால் ஒற்றி, பேக்கிங் தாள் மேல் கவிழ்க்காமல் வைத்து, உருவம் இல்லாத ஓரங்களில் கனம் ஏற்றி ஓர் இரவு விடுங்கள். பெரும்பாலும் நேராகும்.

ஸ்ப்ரேக்கு விடியற்காலை உகந்த நேரமல்ல. குளுகுளுவென்று இருந்தாலும் நம் ஊர்க் காற்றில் அப்போதுதான் ஈரப்பதம் உச்சம். வெயில் ஏறிய பிறகு, மாலை மழைக்கு முன், நண்பகலை ஒட்டி அடியுங்கள். இரண்டு மெல்லிய பூச்சு போதும், ஒரே கனத்த பூச்சு வேண்டாம். வெளுத்ததன் மேல் பளபளப்பு வார்னிஷை மெல்லியதாக அடித்தால் பல சமயம் நிறம் திரும்பிவிடும்.

ஹார்ட்வேர் கடை வாஷரை பேஸாக வைக்கலாமா?
– எலக்ட்ரீஷியன், சுங்கை சிப்புட்

தனி உருவங்களுக்கு அருமையானது. சாதாரண எம்10 (10 மி.மீ. போல்ட்டுக்கான) வாஷரின் வெளி விட்டம் 20 மி.மீ., எம்12 என்றால் 24. அகல வாஷரில் எம்8-க்கு 24, எம்10-க்கு 30. துளையின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி அதன் மேல் உருவத்தை நிறுத்துங்கள். துத்தநாகம் பூசிய இரும்பாக வாங்க வேண்டும். 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைக் காந்தம் சரியாகப் பிடிக்காது.

28 மி.மீ. படை சேர்க்கிறவர்களுக்கு இந்த 20 மி.மீ. அளவு இன்னொரு வழி திறக்கிறது. 60 மி.மீ. தட்டில் மூன்று வாஷர் பக்கத்தில் பக்கத்தில் சரியாக அடங்கும். தட்டில் ரப்பர் காந்தத் தாள் ஒட்டிவிட்டால் டி.பி.ஏ.-க்குத் தட்டோடும் சிறு மோதல் ஆட்டங்களுக்குத் தனித்தனியாகவும் அதே உருவங்கள் இறங்கும். மீதித் தாளை பிஸ்கட் டின்னின் அடியில் விரித்தால் படை நகராமல் பயணம் போகும். டின்னில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றும் போடுங்கள், வாஷர் துருப்பிடிக்காமல் இருக்கும்.