ஜாஸ்பர் ராசாவா?

கேள்வி: அமெரிக்காவிலுள்ள என் அண்ணா, தான் வசிப்பது ‘ஜாஸ்பர் கவுண்டி’ என்றும், வேறு மாநிலங்களிலும் அதே பெயர் உண்டென்றும் சொன்னார். ஐந்தாம் தரத்தில் படிக்கும் என் மகள், “ஜாஸ்பர் ராசாவா?” என்று விடாமல் கேட்கிறாள். எப்படி விளங்கப்படுத்துவது?
- ஒரு தாய், களுவாஞ்சிகுடி

பதில்: ஜாஸ்பர் அரசரும் அல்லர், தளபதியும் அல்லர், அமெரிக்க விடுதலைப் போரில் சார்ஜன்டாக இருந்த ஒரு வீரர். கவுண்டி என்பது, நமது மாகாணத்துக்குள் மட்டக்களப்பு மாவட்டம் அமைந்திருப்பதைப் போல, மாநிலத்துக்குள் அடங்கிய நிருவாகப் பிரிவு. இவ்வளவும் சொல்லிவிட்டு, நேரே கொடியின் கதைக்குப் போய்விடுங்கள்.

1776 ஜூன் 28 அன்று, தென் கரோலைனா மாநிலத்தின் சார்ள்ஸ்டன் துறைமுக வாயிலிலுள்ள சல்லிவன் தீவுக் கோட்டையைப் பிரித்தானியப் போர்க்கப்பல்கள் தாக்கின. அதன் சுவர், பனைக் குடும்பத்தைச் சேர்ந்த பல்மெட்டோ மரக் குற்றிகளை அடுக்கி, இடையில் மணல் நிரப்பிக் கட்டப்பட்டது. நமது பனையின் வைரம் அந்த மரத்துக்கு இல்லை. அதன் மெதுமையே கோட்டையைக் காத்தது, பீரங்கிக் குண்டுகள் சுவரைப் பிளக்காமல் அதற்குள்ளேயே புதைந்துபோயின. ஒரு குண்டு பட்டதில் கொடி வெளியே விழுந்தபோது, ஜாஸ்பர் சுவரைத் தாண்டிக் குதித்து அதை எடுத்துவந்து, பீரங்கிக் குழாய் துடைக்கும் கோலில் கட்டி மீண்டும் நாட்டினார். ஆளுநர் அவருக்கு ஒரு வாளைப் பரிசளித்தார். 1779 அக்டோபர் 9 அன்று சவானா முற்றுகையில் ஜாஸ்பர் உயிரிழந்தார். அதே நாளில் அதே களத்தில் படுகாயமுற்று, பின்னர் இறந்த போலந்து நாட்டவரான புலாஸ்கியின் பெயரிலும் ஏழு கவுண்டிகள் உள்ளன.

விடுதலைக்குப் பின்னர் குடியேறிகள் மேற்கு நோக்கிப் பரவப் பரவப் புதிய கவுண்டிகள் உருவாயின. ஒவ்வொரு மாநிலமும் தன் சட்டமன்றத்தில் தானே பெயர் வைத்ததால், எல்லோர் நினைவிலும் நின்ற வீரர்களின் பெயர்களே திரும்பத் திரும்ப வந்தன. ஜாஸ்பரின் பெயர் எட்டு மாநிலங்களில் இருக்கிறது. படைத்தலைவராக இருந்து முதல் சனாதிபதியான வாஷிங்டனின் பெயரோ முப்பது மாநிலங்களில் கவுண்டியாகவும், லூசியானாவில் ‘பாரிஷ்’ என்ற பிரிவாகவும் இருக்கிறது.

அந்த நிலங்கள் ஆளில்லாமல் கிடந்தவை அல்ல என்பதையும் மகளுக்குக் கட்டாயம் சொல்லுங்கள். அங்கே பூர்வகுடி மக்கள் வாழ்ந்தார்கள், தங்கள் ஊர்களுக்குப் பெயரும் வைத்திருந்தார்கள். மிசூரி என்ற மாநிலப் பெயரே அத்தகைய ஒரு மக்களின் பெயர்தான்.

பின்னர் வரைபடத்தை விரித்து, டெக்சாஸிலும் மிசூரியிலும் ஜாஸ்பர் கவுண்டியைத் தேடச் சொல்லுங்கள். இரண்டு இடத்திலும் பக்கத்தில் நியூட்டன் கவுண்டி இருக்கும். அந்தப் பெயருக்குரிய நியூட்டனும் ஒரு சார்ஜன்ட். ஜாஸ்பரோடு சேர்ந்து, எதிரியிடம் சிக்கிய கைதிகளை மீட்டவர் என்று கதையாகச் சொல்லப்படுபவர்.