மீட்டர் 500 கலோரி காட்டுகிறது, எடை ஏன் இறங்கவில்லை?

கேள்வி: எனக்கு 44 வயது. தண்டையார்பேட்டையில் வசிக்கிறேன். உயரம் 156 செ.மீ., எடை 78 கிலோ. லாரிகளுக்கு நடுவே ரோட்டில் நடக்க முடியாததால் வீட்டிலேயே எக்ஸர்சைஸ் சைக்கிள் வாங்கினோம். காலையில் சர்க்கரை மாத்திரையைப் (மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு சேர்ந்தது) போட்டுவிட்டு ஒரு மணி நேரம் மிதிக்கிறேன், பிறகுதான் டிபன். மீட்டர் 500 கலோரி காட்டுகிறது. மூன்று வாரத்தில் 300 கிராம்தான் குறைந்தது. தொப்பை அப்படியே இருக்கிறது. முட்டியின் முன்பக்கம் வலிக்கிறது. சில நாள் கை நடுங்கிப் பசி தாங்காமல் டீயும் பிஸ்கட்டும் சாப்பிட்டுவிடுகிறேன். இடது பெடல் வேறு ‘கடகட’ என்கிறது. நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்த வேண்டாம். ஆனால் நாளைக் காலையே ஒன்றை மாற்றியாக வேண்டும். எடையைவிட எனக்குக் கவலை தருவது உங்கள் கை நடுக்கம்தான்.

கிளிமிபிரைடு கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் மருந்து. அதைப் போட்டால் உடனே சாப்பாடு உள்ளே போக வேண்டும். நீங்கள் மாத்திரையைப் போட்டு, வெறும் வயிற்றோடு ஒரு மணி நேரம் மிதிக்கிறீர்கள். மருந்து ஒரு பக்கம், தசை ஒரு பக்கம் என்று சர்க்கரையை இழுக்க, அது தாழ்ந்துபோகிறது. நடுக்கம், படபடப்பு, அடக்க முடியாத பசி எல்லாம் அதன் அறிகுறிகள். வியர்வையும் ஓர் அறிகுறிதான். நம்ம ஊர் புழுக்கத்தில் அதை உடற்பயிற்சி வியர்வை என்று நினைத்துவிடுவோம். எனவே முதலில் சைக்கிள், பிறகு மாத்திரை, உடனே டிபன். ஏறும் முன் குளுக்கோமீட்டரில் 100-க்குக் கீழே இருந்தால் ஒரு வாழைப்பழம் சாப்பிட்டுவிட்டு ஏறுங்கள். நடுக்கம் வந்தால் இறங்கி, மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். பிஸ்கட் அவ்வளவு வேகமாக வேலை செய்யாது. இந்த நடுக்கத்தை உங்கள் மருத்துவரிடம் இந்த வாரமே சொல்லுங்கள். அளவைக் குறைக்க வேண்டியிருக்கலாம். நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள். விழித்திரைப் பரிசோதனை செய்து ஒரு வருடம் ஆகியிருந்தால் அதையும் முடித்துவிடுங்கள். மிதிக்கும்போது நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, தலைசுற்றல் வந்தால் ஓய்வெடுத்துப் பார்க்கலாம் என்று இருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

இனி அந்த 500 கலோரி. பெரும்பாலான வீட்டு சைக்கிள்களுக்கு உங்கள் எடையும் தெரியாது, நீங்கள் எவ்வளவு பலம் போட்டு மிதிக்கிறீர்கள் என்பதும் தெரியாது. சக்கரம் சுற்றியதை வைத்துப் போடும் கணக்கு அது. 78 கிலோ எடையுள்ளவர் லேசான இறுக்கத்தில் ஒரு மணி நேரம் மிதித்தால் சுமார் 330 கலோரி செலவாகும். சும்மா உட்கார்ந்திருந்தாலே செலவாகியிருக்கும் 80-ஐக் கழித்தால் நிகரம் 250. ஒரு கிலோ கொழுப்பு கரைய ஏறத்தாழ 7,700 கலோரி வேண்டும். அதாவது சாப்பாடு துளியும் கூடாமல் இருந்தால் மாதத்துக்கு ஒரு கிலோ. சர்க்கரை போட்ட டீயும் நாலு பிஸ்கட்டும் அதில் பெரும் பகுதியைத் திருப்பிக் கொடுத்துவிடும். புதிதாக வேலை செய்யும் தசை கொஞ்சம் தண்ணீரைப் பிடித்துவைப்பதால் முதல் சில வாரம் தராசும் சரியாகச் சொல்லாது. இந்த நிலையில் 300 கிராம் தோல்வியே அல்ல. வாரம் ஒருமுறை தொப்புள் மட்டத்தில் டேப் வைத்து இடுப்பை அளந்து எழுதிவையுங்கள்.

முட்டியின் முன்பக்க வலிக்குப் பெரும்பாலும் காரணம் சீட் தாழ்வாக இருப்பது. தாழ்வாக இருந்தால் ஒவ்வொரு மிதிப்பிலும் முட்டி அதிகம் மடங்கி, முட்டிச் சில்லு தொடை எலும்பின் மேல் அழுந்தும். பெடலை அடியில் நிறுத்தி, குதிகாலை அதன் மேல் வையுங்கள். கால் நேராக நீள வேண்டும், இடுப்பு சாயக் கூடாது. பிறகு பாதத்தின் முன்பகுதியால் மிதித்தால் முட்டி 25 முதல் 35 டிகிரி மடங்கியிருக்கும். அதுதான் சரியான உயரம். முட்டியின் பின்பக்கம் இழுத்தால் சீட் ஏறிவிட்டது, ஒரு துளை இறக்குங்கள். வெறுங்காலில் மிதிக்காதீர்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு பெடல் வார் உரசிய புண் ஆற நாளாகும்.

டென்ஷன் திருகில் உள்ள எண்ணை நம்ப வேண்டாம். பட்டை தேயத் தேய அதே எண்ணில் இறுக்கம் மாறும். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அதுவே அளவு. வேகத்துக்கு, 15 விநாடியில் வலது முட்டி 15 முதல் 18 முறை மேலே வருகிறதா என்று எண்ணுங்கள். திருகை இறுக்கி மெதுவாக மிதிப்பது முட்டிக்கு ஆகாது. ஒரு மணி நேரத்தை இப்போதைக்கு விட்டு, முன்னும் பின்னும் ஐந்தைந்து நிமிடம் லேசாக வைத்து, மொத்தம் 25 நிமிடம், வாரம் ஐந்து நாள் செய்யுங்கள். முட்டி ஒத்துழைத்தால் வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டி 45-க்கு வாருங்கள். ஃபேன் ஓடட்டும்.

தொப்பையை மட்டும் தனியாகக் கரைக்கும் பயிற்சி எதுவும் கிடையாது. உடம்பு முழுக்கக் கொழுப்பு இறங்கும்போது அதுவும் இறங்கும். உடம்பு இறுக வேண்டும் என்றால் தசை வேண்டும், சைக்கிள் தொடையையும் பிட்டத்தையும் தாண்டி அதிகம் தொடாது. வாரம் இரண்டு நாள் நாற்காலியில் உட்கார்ந்து எழுதல், சுவரில் கை ஊன்றித் தள்ளுதல், மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குதல் மூன்றையும் பத்துப் பத்து முறை, இரண்டு சுற்று செய்யுங்கள். மூச்சை அடக்க வேண்டாம். தசைக்குப் புரதம் தேவை. காசிமேடு பக்கத்திலேயே இருக்கிறது. சங்கராவோ நெத்திலியோ 100 கிராமில் 18 முதல் 20 கிராம் புரதம் கிடைக்கும். வறுக்காமல் குழம்பில் போடுங்கள், சோற்றை ஒரு கரண்டி குறையுங்கள். மீன் இல்லாத நாளில் முட்டை, சுண்டல். ராத்திரி பரோட்டா மட்டும் வேண்டாம். ஒன்றிலேயே 250 கலோரிக்குக் குறையாது.

அந்த இடது பெடல் தளர்ந்திருக்கும். அதன் மறை தலைகீழானது: வலதுபுறம் சுற்றினால் கழலும், இடதுபுறம் சுற்றினால்தான் இறுகும். ஸ்பேனர் போட்டு உடனே இறுக்கிவிடுங்கள். தளர்ந்தபடியே மிதித்தால் மறை அறுந்து, மிதிக்கும்போதே கழன்று விழும்.