பச்சைக் கல் மோல்டவைட்டா, பாட்டில் கண்ணாடியா?

கேள்வி: பினாங்கில் ஒரு சந்தைக் கடையில் 6 கிராம் பச்சைக் கல்லை ‘மோல்டவைட், விண்கல்’ என்று சொல்லி 350 வெள்ளி கேட்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: மோல்டவைட் விண்கல் அல்ல. சுமார் 1.5 கோடி ஆண்டுகளுக்கு முன் தெற்கு ஜெர்மனியில் விண்கல் மோதி ரீஸ் பள்ளம் உண்டானபோது, உருகித் தெறித்த நம் பூமியின் மண் அது. பறக்கும்போதே இறுகி, இன்றைய செக் நாட்டுப் பக்கம் விழுந்தது. அதனால் காந்தத்தில் ஒட்டவே ஒட்டாது. ஒட்டிக் காட்டினால் நடையைக் கட்டுங்கள்.

பின்னால் டார்ச் அடித்து, 10 மடங்கு லூப்பில் (சிறு உருப்பெருக்கி) பாருங்கள். அசலில் புழு நெளிந்ததுபோல் மெல்லிய இழைகள் ஓடும். உருகிய தூய சிலிக்கா அது, பெயர் லெஷட்டலியரைட். பாட்டில் கண்ணாடியில் அது கிடையாது. குமிழிகள் இரண்டிலும் உண்டு, அதை மட்டும் நம்பாதீர்கள். அமிலத்தில் முக்கியெடுத்த போலி, எப்போதும் நனைந்த மாதிரி மினுங்கும். தட்டில் ஒரே வடிவத்தில் இரண்டு கற்கள் கிடந்தால் அச்சில் வார்த்தவை.

அடுத்தது அடர்த்தி. 0.01 கிராம் காட்டும் தராசு வேண்டும். கல்லை நிறுங்கள்: 6.20 என்று வைப்போம். பிறகு தண்ணீர்க் கிண்ணத்தைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கி, நூலில் கட்டிய கல்லை முழுக்க மூழ்கவிடுங்கள். அடியிலோ பக்கத்திலோ படக்கூடாது. 2.63 காட்டினால் 6.20 ÷ 2.63 = 2.36. மோல்டவைட் 2.32 முதல் 2.40 வரை வரும். பாட்டில் கண்ணாடி என்றால் தராசு 2.48 காட்டும், அடர்த்தி 2.5.

வித்தியாசம் 0.15 கிராம்தான், அங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். கல்லின் குழிகளில் காற்று தங்கினால் தராசு காட்டும் எண் ஏறி, அடர்த்தி குறைந்து, பாட்டில் கண்ணாடியும் மோல்டவைட்டாகிவிடும். தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திரச் சோப்பு விட்டு, கல்லைத் தூரிகையால் தேய்த்துவிட்டு நிறுங்கள். 2 கிராமுக்குக் குறைந்த கல்லில் இந்தக் கணக்கை நம்பமுடியாது. அடர்த்தி தப்பினால் போலி உறுதி; சரியாக வந்தால் அசல் என்று அர்த்தமில்லை, இழைகளும் தெரியவேண்டும். இரண்டும் தேறாமல் 350 வெள்ளி கொடுக்காதீர்கள்.

புதிதாகச் சேர்ப்பவருக்கு நான் கறுப்பு டெக்டைட்டைத்தான் சொல்வேன்; மோல்டவைட் போலவே விண்கல் மோதலில் உருகித் தெறித்த கண்ணாடி அது. இந்தோசீனா, இந்தோனேசியாவின் பெலித்துங் தீவு வட்டாரங்களில் கிடைப்பவை சுமார் 7.9 லட்சம் ஆண்டுப் பழையவை. பெலித்துங் கல்லைத்தான் ‘பத்து சாத்தாம்’ என்று மோதிரத்தில் பதிக்கிறார்கள். ஆனால் எரிமலைக் கண்ணாடியான அப்சிடியனின் அடர்த்தியும் அதை ஒட்டியே வரும், அங்கே தராசு கைகொடுக்காது.