பின்னணியில் ஓடும் இண்டெக்சிங்: கணினி திணறுவது எதனால்? (கேள்வி பதில்)

கோப்புகளைத் தேடித் தருவதற்காகப் பின்னணியில் ஓடும் மென்பொருள்கள் நினைவகத்தை விழுங்குகின்றன என்று பலர் எழுதியிருந்தீர்கள். ஒரே வகையான கேள்விகளை ஒன்றாக்கிப் பதில் தருகிறேன்.

கேள்வி: ஐயா, கணக்குத் தணிக்கை அலுவலகம் ஒன்றில் வேலை செய்கிறேன். விண்டோஸ் 10, ரேம் 8 ஜிபி. டாஸ்க் மேனேஜரில் பார்த்தால் ‘சர்ச் இண்டெக்சர்’ ஒரு ஜிபிக்கு மேல் எடுத்துக்கொள்கிறது. பத்து ஆண்டு மின்னஞ்சல்களும் அவுட்லுக்கில் இருக்கின்றன. சர்வீஸை ஒரேயடியாக நிறுத்திவிடலாமா?

பதில்: அவசரப்பட வேண்டாம். அந்த நிரல் என்ன செய்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றவர்களின் கேள்விகளுக்கும் இது தேவைப்படும். பெரிய ஆய்வு நூல்களின் கடைசியில் சொல்லடைவு இருக்குமல்லவா, எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்று? உங்கள் வட்டில் இருக்கும் எல்லாவற்றுக்கும் அப்படி ஒன்றை இண்டெக்சர் தயாரிக்கிறது. ஒவ்வொரு கோப்பையும் திறந்து, சொற்களைப் பிரித்து, தரவுத்தளத்தில் எழுதுகிறது. கோப்பு மாறினால் அதற்குரிய பதிவையும் திருத்துகிறது. அந்தத் தரவுத்தளத்தின் ஒரு பகுதியை எப்போதும் நினைவகத்தில் வைத்திருந்தால்தான் வேலை வேகமாக நடக்கும். ஆகவே நினைவகம் எடுப்பது குற்றமன்று. வேறு நிரல் கேட்கும்போது விட்டுக்கொடுக்காமல் இருப்பதுதான் கோளாறு.

உங்கள் விஷயத்தில் காரணம் அந்தப் பத்தாண்டு மின்னஞ்சல்களாகத்தான் இருக்க வேண்டும். ஒவ்வொரு மின்னஞ்சலும் ஓர் உருப்படி. இண்டெக்ஸில் 4 லட்சம் உருப்படிகளைத் தாண்டினால் வேகம் குறையத் தொடங்கலாம், 10 லட்சம்தான் எல்லை என்று மைக்ரோசாஃப்டே தன் உதவிப் பக்கத்தில் குறிப்பிடுகிறது. கன்ட்ரோல் பேனலில் ‘இண்டெக்சிங் ஆப்ஷன்ஸ்’ திறந்தால் மேலேயே எண்ணிக்கை தெரியும். அதைப் பாருங்கள். கூடுதலாக இருந்தால் பழைய ஆண்டுகளின் அஞ்சல்களைத் தனிக் கோப்பாகப் பிரித்து, அவுட்லுக்கிலிருந்து கழற்றி வையுங்கள். வேண்டும்போது மீண்டும் இணைத்துக்கொள்ளலாம். சர்வீஸை நிறுத்தினால் கணினி லேசாகும், உண்மைதான். ஆனால் 2017இல் வந்த ஒரு ரசீதைத் தேடும் நாளில் என்னைத் திட்டுவீர்கள்.

கேள்வி: என்னுடையது பழைய மடிக்கணினி. 4 ஜிபி ரேம், சுழலும் ஹார்டு டிஸ்க். இண்டெக்சர் 150 எம்பிதான் காட்டுகிறது. ஆனாலும் கணினியைத் திறந்து பத்து நிமிடத்துக்கு எதையும் தொட முடிவதில்லை.

பதில்: நினைவகத்தின் மேல் பழி போடாதீர்கள். டாஸ்க் மேனேஜரில் ‘டிஸ்க்’ என்ற பத்தியைப் பாருங்கள். 100 சதவீதத்தில் நிற்கும் என்று நினைக்கிறேன். சுழலும் வட்டில் படிக்கும் முள் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர வேண்டும். இண்டெக்சிங்கோ ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளை அங்கொன்றும் இங்கொன்றுமாகப் படிக்கும் வேலை. அந்த வட்டுக்கு இதைவிடக் கடினமான வேலை கிடையாது. போதாக்குறைக்கு, இண்டெக்சர் திறக்கும் கோப்பை வைரஸ் தடுப்பு மென்பொருளும் சோதிக்கும். ரேம் குறைவாக இருப்பதால் விண்டோஸ் அதே வட்டில் பேஜ் ஃபைலையும் (ரேமில் இடமில்லாதவற்றை வைக்கும் கோப்பு) எழுதிக்கொண்டிருக்கும். மூன்று பேர் ஒரே முள்ளை இழுக்கிறார்கள்.

இண்டெக்சிங் ஆப்ஷன்ஸில் ‘மாடிஃபை’ பொத்தானை அழுத்தி, டாக்குமென்ட்ஸ் கோப்புறையை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றின் குறிகளை எடுத்துவிடுங்கள். நிலையான தீர்வு ஒன்றுதான்: பழைய ஹார்டு டிஸ்க்கின் இடத்தில் சாட்டா இணைப்பு வகை எஸ்எஸ்டி (சுழலும் பாகமில்லாத வட்டு) ஒன்றை மாட்டுவது. இந்த ஒரு செலவுக்கு மட்டும் நான் தயங்காமல் சிபாரிசு செய்வேன்.

கேள்வி: ரேமைச் சுத்தப்படுத்தும் மென்பொருள் போட்டால் சரியாகுமா?

பதில்: ஆகாது. அது நிரல்களை நினைவகத்திலிருந்து வலுக்கட்டாயமாக வெளியே தள்ளும். அவை அடுத்த நொடியே திரும்ப வரும். வருவதற்குள் கணினி இன்னும் திணறும்.

கேள்வி: எனக்கு விண்டோஸ் 11. ‘சர்ச் ஃபில்டர் ஹோஸ்ட்’ என்ற நிரல் திடீரென்று எகிறுகிறது, அணைகிறது, மறுபடியும் எகிறுகிறது. நாள் முழுவதும் இதே கதை.

பதில்: நல்ல கேள்வி, நீங்கள் கவனித்த விதமும் சரி. இண்டெக்சர் தனியாக வேலை செய்வதில்லை. ‘சர்ச் புரோட்டோகால் ஹோஸ்ட்’ கோப்பைத் திறந்து தரும். ‘சர்ச் ஃபில்டர் ஹோஸ்ட்’ அதற்குள்ளிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும். பிடிஎஃபுக்கு ஒரு வடிகட்டி, வேர்டு கோப்புக்கு ஒரு வடிகட்டி என்று தனித்தனியாக உண்டு. பழுதான கோப்பு ஒன்று இந்த வடிகட்டியைக் கவிழ்த்தாலும் இண்டெக்சர் தப்பிக்க வேண்டும் என்பதற்காகவே இவற்றைப் பிரித்து வைத்திருக்கிறார்கள். உங்கள் கணினியில் நடப்பது அதுதான் போலிருக்கிறது: ஏதோ ஒரு கோப்பில் முட்டி விழுந்து, எழுந்து, மறுபடியும் அதிலேயே முட்டுகிறது.

கோப்பைப் பிடிக்க ‘ரிசோர்ஸ் மானிட்டர்’ திறந்து, ‘டிஸ்க்’ தாவலில் புரோட்டோகால் ஹோஸ்டையும் ஃபில்டர் ஹோஸ்டையும் குறியிடுங்கள். கீழே அவை படிக்கும் கோப்புகளின் பெயர்கள் ஓடும். திரும்பத் திரும்ப வரும் பெயரைக் குறித்துக்கொண்டு, அந்தக் கோப்பை இண்டெக்சிங் இல்லாத கோப்புறைக்கு மாற்றுங்கள். பெயர் சிக்கவில்லை என்றால், ‘அட்வான்ஸ்டு’ பொத்தானுக்குள் ‘ஃபைல் டைப்ஸ்’ பகுதியில் பிடிஎஃபைத் தேர்ந்தெடுத்து, பண்புகளை மட்டும் பதிவுசெய்யும்படி மாற்றிப் பாருங்கள். தொல்லை நின்றால் குற்றவாளி ஏதோ ஒரு பிடிஎஃப் என்று உறுதியாகும்.

‘ரீபில்டு’ பொத்தானைக் கடைசிக்கு வையுங்கள். அது எல்லாவற்றையும் அழித்து முதலிலிருந்து தொடங்கும். பழுதான கோப்பு அங்கேயே இருந்தால் மறுபடியும் அதே இடத்தில் போய் நிற்கும்.

கேள்வி: மேக் வைத்திருக்கிறேன். இயங்குதளத்தை மேம்படுத்திய நாளிலிருந்து ‘எம்டிஎஸ் ஸ்டோர்ஸ்’ என்ற ஒன்று ஓடிக்கொண்டே இருக்கிறது. விசிறிச் சத்தம் தாங்கவில்லை.

பதில்: அது மேக்கின் தேடல் வசதியான ஸ்பாட்லைட்டின் வேலையாள். 2005இல் டைகர் பதிப்போடு வந்தது முதல் இப்படித்தான்: பெரிய மேம்படுத்தலுக்குப் பின் இண்டெக்ஸைத் திரும்ப எழுத உட்காரும். மின்னிணைப்பில் போட்டு, ஓர் இரவு முழுவதும் தூங்காமல் விட்டுவையுங்கள். சில நாட்களாகியும் அடங்கவில்லை என்றால் சிஸ்டம் செட்டிங்ஸ், ஸ்பாட்லைட், ‘சர்ச் பிரைவசி’ என்று போய் வட்டைப் பட்டியலில் சேர்த்து, பிறகு அதை நீக்குங்கள். இண்டெக்ஸ் புதிதாக எழுதப்படும்.

கேள்வி: லினக்ஸில் கேடிஇ டெஸ்க்டாப் பயன்படுத்துகிறேன். அதன் கோப்புத் தேடலுக்கான ‘பலூ’ என்ற நிரல் 256 ஜிபி நினைவகம் எடுப்பதாகக் காட்டுகிறது! கணினியில் இருப்பதே 16 ஜிபிதான்.

பதில்: பயப்படாதீர்கள், அது வெறும் முகவரி இடம். பலூ தன் தரவுத்தளத்துக்கு எல்எம்டிபி என்ற நிரல் நூலகத்தைப் (ஆயத்த நிரல் தொகுப்பு) பயன்படுத்துகிறது. அது தரவுத்தளக் கோப்பை நினைவக முகவரிகளோடு நேரடியாகப் பொருத்திவிடும். எதிர்காலத்தில் வளர இடம் வேண்டும் என்று 256 ஜிபி முகவரியை முன்கூட்டியே ஒதுக்கிவைக்கும். உண்மையில் பயன்படும் ரேம் எவ்வளவு என்று ‘விர்ட்’ பத்தி சொல்லாது. ‘ரெஸ்’ பத்திதான் சொல்லும். அதிலும் ஜிபி கணக்கில் ஏறினால் சிஸ்டம் செட்டிங்ஸில் ‘ஃபைல் சர்ச்’ பகுதிக்குப் போய், கோப்பின் உள்ளடக்கத்தைப் படிக்க வேண்டாம், பெயர் போதும் என்று மாற்றுங்கள். நிரல் எழுதுபவராக இருந்தால் ‘நோட் மாட்யூல்ஸ்’ போன்ற கோப்புறைகளையும் விலக்கிவிடுங்கள். நீங்கள் ஒருபோதும் தேடப் போகாத கோப்புகள்தான் அங்கே மலைபோலக் குவிந்திருக்கும்.

கேள்வி: பள்ளி ஆசிரியை நான். இருபது ஆண்டு வினாத்தாள்கள் கணினியில் இருக்கின்றன. இவ்வளவு நினைவகம் எடுத்தும், தமிழில் ஒரு சொல்லைத் தட்டினால் பழைய தாள்களில் ஒன்றுகூட வருவதில்லை. பிறகு எதற்கு இந்த இண்டெக்சிங்?

பதில்: அம்மா, உங்கள் கோபம் நியாயமானது. பழைய தாள்களைப் பாமினி போன்ற எழுத்துருவில் தட்டியிருப்பீர்கள். அவற்றில் கோப்புக்குள் இருப்பவை ஆங்கில எழுத்துகள்தாம். எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் வடிவம் காட்டுகிறது, அவ்வளவே. ‘தமிழ்’ என்பது பாமினியில் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து குறிகள். இண்டெக்சர் அதை அப்படியே எழுதிவைக்கும். நீங்கள் யூனிகோடில் தேடினால் எப்படிக் கிடைக்கும்? ஸ்கேன் செய்த பிடிஎஃப் என்றால் பெரும்பாலும் அதற்குள் எழுத்தே இருக்காது, படம்தான்.

யூனிகோடுக்கு மாற்றித்தரும் இலவசக் கருவிகள் இருக்கின்றன. அடிக்கடி தேவைப்படும் தாள்களை மட்டும் மாற்றி ஒரு கோப்புறையில் வைத்து, அதை மட்டும் இண்டெக்சிங்கில் விடுங்கள். மற்றவற்றை விலக்கினால் நினைவகமும் மிஞ்சும்.

கேள்வி: எனக்குக் கோப்பின் பெயர் கிடைத்தால் போதும்.

பதில்: அப்படியென்றால் விண்டோஸில் ‘எவ்ரிதிங்’ என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்துங்கள். அது கோப்புகளைத் திறந்து படிப்பதில்லை. என்டிஎஃப்எஸ் (விண்டோஸின் வழக்கமான கோப்பு முறை) வட்டில் ஏற்கெனவே இருக்கும் முதன்மைப் பட்டியலை எடுத்துக்கொள்கிறது. 10 லட்சம் கோப்புகளுக்குச் சுமார் 75 எம்பி ரேம் ஆகும் என்று அதன் தயாரிப்பாளர்கள் குறிப்பிடுகிறார்கள். அதன் பிறகு விண்டோஸ் சர்ச் சர்வீஸை நிறுத்திக்கொள்ளலாம். அவுட்லுக் பயன்படுத்தாதவர்களுக்கு மட்டும் சொல்கிறேன்.